வெள்ளிக்கிழமை மிஸ்டு கால்

எங்கள் நொய்யல் டெலிகாமைச் சென்னைக் கம்பெனி ஒன்று வாங்கியது 2006இல். கம்பெனி கடைசியாகப் போடும் மலருக்கு அதன் வரலாற்றை எழுதித் தரும்படி மேனேஜர் என்னிடம் சொன்னார். முதல் டவர் நெருப்பெரிச்சலில், இரண்டாவது ஊத்துக்குளியில், எந்த வருடம் எத்தனை இணைப்பு என்று ஒரு தாளும் கொடுத்தார். டவரா வரலாறு? நல்லூர் கவுண்டரில் ஆறு வருடம் தேய்ந்தவள் நான். இந்த ஊர் எங்கள் போனில் பேசியதைவிடப் பேசாமல் விட்டதுதான் அதிகம். ஒரு ரிங் என்றால் துணி வந்துவிட்டது, இரண்டு ரிங் என்றால் கரண்ட் போய்விட்டது. எல்லாம் மிஸ்டு கால். கம்பெனி நொடித்துப் போகாமல் என்ன செய்யும்? இதை எழுதினால் மேனேஜர் போடமாட்டார் என்று தெரியும். போடவும் இல்லை.

அந்த வாரம்தான் பழனியம்மாள் வந்தார். வீட்டில் உட்கார்ந்து பனியனுக்குப் பிசிறு வெட்டிக் கொடுப்பவர். அந்த வேலைக்காக எங்களிடம் போன் வாங்கியிருந்தார்.

"ஏனுங்க அம்மிணி, நம்பரை மாத்தாம இருக்க முடியாதுங்களா?"

"எத்தன தடவ சொல்றதுங்க? சனிக்கிழமையோட கம்பெனி கை மாறுது, இந்த நம்பர் இருக்காது. புது நம்பர்தான்." சிடுசிடுத்தேன். என் வாய் அப்படி.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார். பிறகுதான் விஷயம் வந்தது.

மகள் அனுசுயா மூன்று வருடத்துக்கு முன், கூட வேலை பார்த்த தெற்கத்திப் பையன் முனீஸைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். அப்பா ரத்தினசாமி மகளைத் தலைமுழுகிவிட்டார். அவளோடு நீ ஒரு வார்த்தை பேசினாலும் இந்த வீட்டில் சோறு தின்னமாட்டேன் என்று மனைவியிடம் சத்தியம் வேறு. அனுசுயா ஒரு தோழியிடம் சொல்லி அனுப்பினாள். "வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஒரு ரிங் விடறேன். நான் நல்லா இருக்கறேன்னு அர்த்தம். எடுக்க வேண்டாம். ஊட்டுல யாருக்காச்சும் ஒண்ணுன்னா மட்டும் எடுக்கட்டும்."

அன்றிலிருந்து ஒரு வெள்ளி தவறவில்லை. ஒவ்வொரு முறையும் வேறு வேறு கடையில், ஒரு ரூபாய்க் காசு போட்டுப் பேசும் போன் பெட்டியிலிருந்து வரும். சொல்லி அனுப்பிய தோழியும் இப்போது ஊரில் இல்லை. நம்பர் போனால் மகளும் போனாள்.

எனக்கு என்மேலேயே கோபம் வந்தது. "நாளைக்கு வெள்ளிதானுங்க? போனை எடுத்துக்கிட்டு இங்க வந்து உக்காருங்க. எடுத்துப் புது நம்பரைச் சொல்லிருங்க," என்றேன். பத்து எண்களையும் மனப்பாடமாகச் சொல்ல வைத்தேன். மகள் போட்ட நிபந்தனை எங்கள் இருவர் நினைவுக்கும் வரவில்லை.

மறுநாள் சரியாகப் பத்து மணிக்கு அடித்தது. எடுத்தார்.

"அம்மா?"

மூன்று வருடம் கழித்துக் கேட்ட குரல். பழனியம்மாளுக்கு ஒரு எண்கூட வரவில்லை. வந்தது அழுகை மட்டும்.

"அம்மா, யாருக்கும்மா? அப்பாவுக்கா?"

நான் போனைப் பிடுங்குவதற்குள் அவள் வைத்துவிட்டாள். திரும்ப அடித்தேன். ஊத்துக்குளியில் ஒரு கடைக்காரர் எடுத்தார். "அந்தப் புள்ள அப்பவே ஓடிருச்சுங்களே," என்றார்.

பழனியம்மாளை என் ஸ்கூட்டியில் வீட்டில் கொண்டுபோய் விட்டேன். ரத்தினசாமி முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மனைவியின் முகத்தைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏன், இன்னைக்கு ரிங் வர்லியா?"

 மூன்று வருடமாக இந்த மனுஷனும் வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் காது கொடுத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"எடுத்துட்டனுங்க," என்றார் பழனியம்மாள். "ஆனா ஒரு வார்த்தை பேசலீங்க."

உண்மைதான். பேசவே இல்லை. ரத்தினசாமி மறுபடி பேப்பரை விரித்தார். பக்கத்தைத் திருப்பவே இல்லை.

என்னைக் காபி குடிக்காமல் விடமாட்டோம் என்றார்கள். டம்ளரைக் கீழே வைக்கும்போது வாசலில் ஆட்டோ நின்றது. இடுப்பில் குழந்தையோடு, தலை கலைந்து, "அப்பா, என்னைப் பாக்காமயே போயிட்டீங்களே" என்று கதறிக்கொண்டு அனுசுயா உள்ளே ஓடி வந்தாள். நாற்காலியில் இருந்தவரைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ரத்தினசாமி எழுந்தார். பேப்பர் கையிலிருந்து நழுவியது.

"இருக்கறன் கண்ணு," என்றார். "இருக்கறன்."