ஐஸ்பெட்டிக்குள் சூடான கறி

தம்பி வீட்டு விருந்துக்கு அக்கா கரியடுப்பில் கோழி சுட்டாள். ஐஸ்பெட்டிக்குள் வெந்நீர் ஊற்றி, பெட்டி சூடேறியதும் நீரைக் கொட்டிவிட்டு, கறியை அலுமினியத் தாளில் சுற்றி, பழைய துணிகளுக்கு நடுவே வைத்து மூடினாள். "சூடா இருக்கே அக்கா" என்று தம்பி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஒற்றை ஆளாக அவள் பட்ட பாடெல்லாம் அதற்குத்தான்.

"வாங்க அண்ணி! ஐஸ்பெட்டியா? ஜூஸ் பாட்டிலுக்கு இடமில்லாம தவிச்சேன்" என்று தம்பி மனைவி மூடியில் கைவைத்தாள்.

"ஐயோ, திறக்காதேம்மா! உள்ளே சுட்ட கறி. சூடு போயிடும்."

"ஐஸ்பெட்டியில சூடா? நல்ல கதை! சரி, பரிமாறும்போது சொல்றேன். அதுவரைக்கும் யாரும் தொடமாட்டாங்க."

அக்கா பெட்டியருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். தம்பி கைப்பேசியும் காதுமாக வந்தான்.

"சாப்பிட்டியாக்கா?"

"இல்லடா, இந்தப் பெட்டி..."

"இதோ வந்துடறேன்."

வரவில்லை. ஓட்டலிலிருந்து வந்த சாப்பாட்டை எல்லோரும் சாப்பிட்டுக் கை கழுவினார்கள். பெட்டியைத் திறக்காதே என்று அவள் சொன்னதை மட்டும் ஒருவர் விடாமல் கேட்டு நடந்தார்கள்.

திரும்பும்போது வாடகைக் காரில் அவளே மூடியைத் திறந்தாள். ஆவி முகத்தில் அடித்தது.

"இன்னும் சூடா இருக்குப்பா. ஒரு துண்டு எடுத்துக்கோயேன்."

"மணமே ஆளைத் தூக்குதும்மா. ஆனா வீட்ல எனக்காகச் சாப்பிடாம உக்காந்திருப்பாங்க" என்றார் ஓட்டுநர்.

"அப்ப என்னை இறக்கிவிட்டுட்டுச் சீக்கிரம் போப்பா" என்று அவள் மூடியை அழுத்தி மூடினாள்.