கன்னையாவின் இடக்கை

கிள்ளானில் நாகையாவின் கார் பட்டறையில் ஒரு சட்டம் உண்டு. கன்னையா தடவிப் பார்த்து "ம்" என்று சொன்னால்தான் வண்டி பெயின்ட்டுக்குப் போகும். எண்பத்தொன்பதாம் வருஷம் அது. புரோட்டோன் சாகா வைத்திருந்தவர்களுக்கெல்லாம் திடீரென்று கம்பெனி கொடுத்த உருவம் போதவில்லை. முன்னால் ஒரு பிளாஸ்டிக் தாடை, பக்கவாட்டில் ஒரு பாவாடை, பின்னால் ஒரு வால் என்று பாடி கிட் வாங்கிக்கொண்டு வந்து நின்றார்கள். அதை மாட்டுவது பெரிய காரியமல்ல. பிளாஸ்டிக்கும் தகரமும் சேருகிற இடத்தில் பட்டி பூசி, உப்புத்தாளால் தேய்த்து, வண்டி பிறக்கும்போதே இப்படித்தான் பிறந்தது என்று சத்தியம் பண்ண வைப்பதுதான் வித்தை. அதில் கன்னையாவை அடித்துக்கொள்ள ஆளில்லை.

ஊர் அப்படித்தான் நினைத்தது. உண்மை வேறு. இருபத்திரண்டு வருஷம் உப்புத்தாள் பிடித்ததில் அவருடைய வலது உள்ளங்கை காய்த்துப்போயிருந்தது. பட்டியின் மேடுபள்ளம் கண்ணுக்குத் தெரியாது, கைதான் சொல்ல வேண்டும். கை சொல்லாததை மேலே ஏறுகிற பளபளப்பு பிறகு அலை அலையாகக் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு மாதத்தில் இரண்டு வண்டிகள் அப்படித் திரும்பி வந்தன. பழி பெயின்ட் அடிக்கிற தம்புசாமியின் தலையில் விழுந்தது.

"இன்னொரு வண்டி அலை அடிச்சிச்சுன்னா நீ வேற எடம் பாத்துக்க லா," என்று நாகையா சொல்லிவிட்டார். தம்புசாமி தலை குனிந்துகொண்டான். கன்னையாவும் வாயைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது மூன்றாவது வண்டி. பிரிக்பீல்ட்ஸ் சிவகுருநாதனுடையது. கறுப்புதான் அடிக்க வேண்டும் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றார். கறுப்பு எதையும் மறைக்காத நிறம். கன்னையா மூன்று தடவை தடவினார். வழவழவென்றுதான் இருந்தது. இப்போதெல்லாம் அவருக்கு எல்லாமே வழவழதான்.

"தேத்தண்ணி குடிச்சிட்டு சொல்றேன்," என்று கிளாஸை வலது கையில் வாங்கினார். இடக்கையால் தின்பதையும் தொடமாட்டார், அடுத்தவர் வண்டியையும் தொடமாட்டார். அப்படி வளர்த்துவிட்டார்கள். ஆனால் கால் வலித்தது, சாய்ந்துகொண்டார். இடக்கை தானாகப் போய் வண்டியின் பின்பக்கத்தில் விழுந்து மெல்ல வழுக்கியது. வால் சேருகிற இடத்தில் விரல்கள் இறங்கின. ரொட்டி சானாய் அகலத்துக்கு ஒரு பள்ளம்!

கிளாஸைக் கீழே வைத்தார். வலது கையால் தடவினார், ஒன்றுமில்லை. இடது கையால் தடவினார், இருந்தது. உப்புத்தாளே பிடிக்காத கை, சோம்பேறிக் கை, அதற்குத்தான் விவரம் தெரிந்திருந்தது. கன்னையாவுக்குச் சிரிப்புச் சிரிப்பாக வந்தது. சத்தமில்லாமல் பட்டியை நிரப்பிவிட்டால் போதும், ஒரு ஈ காக்காய்க்கும் தெரியப் போவதில்லை.

"அண்ணே, அடிக்கட்டுமா?" என்று தம்புசாமி ஸ்பிரே கன்னோடு வந்து நின்றான். அந்த முகத்தைப் பார்த்ததும் கன்னையாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"பாஸ், கொஞ்சம் வாங்க!" என்று கூப்பிட்டார். நாகையா வந்ததும் இரண்டு பேர் கண்ணெதிரே இடது உள்ளங்கையை வண்டியில் வைத்துத் தடவினார்.

"என்னய்யா இது, பீச்சாங்கையால கஸ்டமர் வண்டிய தடவுற?"

"இனிமே இந்தக் கைதான் பாஸ். வலது கை செத்துப்போச்சு. அந்த ரெண்டு வண்டியும் என் தப்பு. தம்புசாமி பெயின்ட்டுல ஒரு கொறையும் இல்ல."

நாகையா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "மொதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன? தம்புசாமி, நான் சொன்னத மனசுல வெச்சிக்காத லா," என்று சொல்லிவிட்டுப் போனார்.

"மன்னிச்சிருப்பா," என்றார் கன்னையா.

"எனக்கு அப்பவே தெரியும்ணே. பளபளப்பு ஏறுனதும் அடிக்கிறவன் கண்ணுக்குப் பள்ளம் தெரியாதா?"

"பின்ன ஏன் சொல்லல?"

"பெயின்ட் அடிக்கிறவனுக்கு அம்பாங் போனாலும் வேல கெடைக்கும். கன் கெட்டுச்சுன்னா வேற கன்னு வாங்கலாம். கன்னையாண்ணன் கை போச்சுன்னு நான் சொன்னா, அத எந்தக் கடையில வாங்குவீங்க?"

கன்னையா குனிந்து பட்டியைக் குழைக்க ஆரம்பித்தார். அதன் நெடி கண்ணைக் கரிக்கும் என்று பட்டறையில் எல்லாருக்கும் தெரியும் என்பது நல்லதாகப் போயிற்று.