மூடிய பேனா

கல்லூரி டென்னிஸ் அணிக்கு ஆறு பெண்கள் வேண்டும். கோச்சம்மாவிடம் ஐந்து பேர்தான் இருந்தார்கள். ஆறாவது ஆள் இல்லாத அணி, ஒவ்வொரு போட்டியிலும் ஓர் ஆட்டத்தை ஆடாமலேயே எதிரிக்குத் தாரை வார்க்க வேண்டும். போன வருடம் அப்படித் தாரை வார்த்தே கடைசி இடத்துக்கு வந்தார்கள். இந்த வருடமும் அதே கதை என்றால் வேறு கோச்சைப் பார்த்துக்கொள்வதாக முதல்வர் சிரித்த முகமாகவே சொல்லிவிட்டார்.

அதனால் பள்ளிப் படிப்பை முடிக்கப்போகும் பெண்கள் எங்கே ஆடினாலும் கோச்சம்மா அங்கே போய் உட்கார்ந்தாள். ஆட்டம் பிடித்திருந்தால் வீட்டுக்கே போய்ப் பேசுவாள். கல்யாணத் தரகருக்கும் உனக்கும் கழுத்தில் தொங்கும் அந்த விசில்தான் வித்தியாசம் என்று அவள் தங்கை கேலி செய்வாள்.

அன்று அவள் பார்க்கப் போனது ஒரு நெட்டைப் பெண்ணை. அவ்வளவு நீளக் கையும் காலும் ஓர் அணிக்குக் கிடைத்தால் அதிர்ஷ்டம்தான். எதிரே ஆடியவள் இடக்கைக்காரி, குட்டையானவள், விடாக்கண்டி. செம்மண் கோர்ட். இந்த மாதிரிச் சின்னப் போட்டிகளுக்கு நடுவர் கிடையாது, கண்ணுகளா. தன் பக்கம் விழும் பந்து உள்ளேயா வெளியேயா என்று அவரவர்தான் சொல்ல வேண்டும். சந்தேகம் வந்தால் மண்ணில் பதிந்த தடத்தைக் காட்ட வேண்டும். தடத்தை வேண்டுமென்றே அழித்தவளுக்கு அந்தப் பாயிண்ட் போச்சு. வெளியில் உட்கார்ந்திருப்பவர்கள் வாயைத் திறக்கக் கூடாது.

இன்னும் ஒரே ஒரு பாயிண்ட் எடுத்தால் இடக்கைக்காரிக்கு வெற்றி. அவள் அடித்த பந்து பின்கோட்டின் மேலேயே விழுந்தது; கோட்டைத் தொட்டாலே உள்ளேதான் கணக்கு. கோச்சம்மாவின் பெஞ்சு அந்தக் கோட்டுக்கு நேர் எதிரே. வெள்ளைக் கோட்டில் மண் தெறித்ததைக்கூட அவள் பார்த்தாள்.

“வெளிய,” என்றாள் நெட்டை.

தடத்தைக் காட்டச் சொல்லி இடக்கைக்காரி வலையைச் சுற்றி வருவதற்குள் நெட்டையின் ஷூ அங்கே ஒரு தேய்ப்புத் தேய்த்துவிட்டது. தெரியாமல் கால் பட்டுவிட்டதாம். எல்லாக் கோர்ட்டுக்கும் பொதுவான மேற்பார்வைக்காரர் வந்தார். இரண்டு பேரையும் கேட்டார், தலையைச் சொறிந்தார், அந்தப் பாயிண்டை மறுபடி ஆடச் சொல்லிவிட்டுப் போனார். அந்த நேரத்தில் இரண்டு பெண்களும் ஒருசேரப் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார்கள். கோச்சம்மா குனிந்து நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு இடக்கைக்காரிக்குக் கை ஓடவில்லை. தோற்றாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நேராகப் பெஞ்சுக்கு வந்தாள். ஆட்டம்தான் முடிந்துவிட்டதே, இப்போது சொல்லலாமே என்று கேட்டாள். தான் ஏதோ எழுதிக்கொண்டிருந்ததாகவும் கவனிக்கவில்லை என்றும் கோச்சம்மா சொன்னாள்.

அந்தப் பெண் அவள் கையைப் பார்த்தாள். “பேனா மூடியே இருந்துச்சே மேடம்,” என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

கோச்சம்மாவுக்குக் காது மடல்வரை சுட்டது. ஆனாலும் என்ன? ஆறாவது ஆள் அகப்பட்டுவிட்டாளே. மூன்றாம் நாள் நெட்டையின் வீட்டு மாடிப்படி ஏறினாள்.

கூடத்து அலமாரி முழுக்கக் கோப்பைகள். அப்பா ஒவ்வொன்றையும் எடுத்துத் துடைத்துக் காட்டினார். அம்மா டீ கொண்டுவந்து வைத்தாள். கோச்சம்மா கொண்டுவந்த சேர்க்கைப் படிவத்தில் எல்லாக் கட்டமும் நிரம்பியாயிற்று, கோச் எழுத வேண்டிய ஒன்றைத் தவிர. மாணவியின் நடத்தை என்று அதன் தலைப்பு.

“அதுல தாராளமா எழுதுங்க. இவளுக்குப் பொய்யே வராது,” என்றார் அப்பா.

கோச்சம்மா பேனாவின் மூடியைக் கழற்றினாள். மறுபடி மாட்டினாள். நெட்டை தன் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மேடம், அந்தப் பந்து உள்ளதான் விழுந்துச்சு. நீங்களும் பாத்தீங்க.”

அப்பா சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

“நீங்க ஏதாவது சொல்லுவீங்கன்னு பயந்துட்டே இருந்தேன். சொல்லல. அப்புறம், உங்க டீம்லயும் இப்படித்தான் போலன்னு நினைச்சுக்கிட்டேன்.”

அடி வாங்கியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. தான் பார்த்தது உண்மை என்று அந்தத் தாய் தகப்பன் முன்னாலேயே கோச்சம்மா ஒப்புக்கொண்டாள். இவ்வளவும் தெரிந்தும் எதற்கு வீடு தேடி வந்தீர்கள் என்று அம்மா கேட்டாள். கோச்சம்மா, அந்தக் கட்டத்தில் எதை எழுதினாலும் பொய்யாகிவிடும், இந்தச் சேர்க்கை வேண்டாம் என்று சொல்லிப் படிவத்தை மடித்துப் பையில் வைத்தாள். நெட்டை தலையாட்டினாள். டீ ஆறிப்போய்க் கிடந்தது.

கீழே இறங்கி, மாடிப்படி முடிகிற இடத்திலேயே நின்று, போட்டிப் பட்டியலில் இருந்த இடக்கைக்காரியின் எண்ணுக்குப் போன் போட்டாள். பந்து உள்ளேதான் விழுந்தது, நான் பார்த்தேன் என்றாள்.

“தெரியும் மேடம்.”

கோச்சம்மா விடவில்லை. மேற்பார்வைக்காரருக்கு எழுதித் தருவதாகச் சொன்னாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆசை யாரை விட்டது? அணியில் ஆறாவது இடம் காலியாக இருக்கிறது, விருப்பம் இருந்தால் வரலாம் என்றும் சொல்லிவிட்டாள்.



“அங்க பந்து உள்ள விழுந்தா யாரு மேடம் சொல்லுவாங்க?”

“நான் சொல்லுவேன்மா.”

“அன்னைக்கும் நீங்கதானே இருந்தீங்க.” அப்புறம், பெரியவர்களிடம் பேசுகிற அதே மரியாதையோடு, “வேணாம் மேடம். வச்சிடட்டுமா?” என்றாள்.

சொன்னபடி கோச்சம்மா மேற்பார்வைக்காரருக்குக் கடிதம் எழுதினாள். அதன் நகல் ஒன்றை முதல்வர் மேசையிலும் வைத்தாள். அவர் படித்துவிட்டு, இந்தத் தடவை சிரிக்கவில்லை.

பருவத்தின் முதல் போட்டி வந்தது. ஐந்து கோர்ட்டில் ஆட்டம் நடந்தது. ஆறாவது கோர்ட்டில் எதிரணிப் பெண் ஒருத்தி தண்ணீர்ப் பாட்டிலும் மட்டையுமாகக் காத்து நின்றாள். விதிப்படி கால் மணி நேரம் நிற்க வேண்டும். நின்று நின்று சலித்துப்போய், ஆள் வரவில்லையா ஆன்ட்டி என்று கேட்டாள்.

“இல்லம்மா. வரமாட்டேன்னுட்டா. தப்பு என்னோடதுதான்,” என்றாள் கோச்சம்மா.

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆடாமல் கிடைத்த வெற்றிக்குக் கையெழுத்துப் போடப் பேனா கேட்டாள். கோச்சம்மா மூடியைக் கழற்றிக் கொடுத்தாள். காலையில் கூட்டிவிட்ட செம்மண்ணில் பந்தின் தடம் ஒன்றுகூட விழவில்லை.