அசையாமல் நிற்பவர்

...மறுபடியும் நின்றுவிட்டார், அதே இடத்தில், கதவுக்கு ஒரு விரல்கடை முன்னால், அவள் நிறுத்தவில்லை, சத்தியமாக நிறுத்தவில்லை, காலையிலிருந்து தன் கையாலேயே முழங்காலை மயிரிழை மடக்கி, விலகி, கேமராப் பொத்தானை அமுக்கி, மறுபடி மடக்கி, விலகி, இப்படி வாசலைத் தாண்டி அனுப்பிவைத்த பிறகுதானே திரையில் ஓட்டிப் பார்க்கிறாள், ஆனால் ஓடும்போது மட்டும் கம்பியும் களிமண்ணும் துணியுமான அந்தச் சாண் உயர மனிதர் கதவுவரை ஒழுங்காக நடந்து வந்து, நின்றுவிடுகிறார். சரி, பொம்மையை நகர்த்தாமலேயே பொத்தானை அமுக்கியிருப்பாள், அவ்வளவுதான், தூக்கத்தில் நடக்கிறவர்கள் இருக்கும்போது தூக்கத்தில் படம் பிடிக்கிறவள் ஒருத்தி இருக்கக் கூடாதா? ஆனால் நகர்த்தாத பொம்மை திரையில் பிணம் மாதிரி இருக்கும், இந்தத் தொழிலில் முதல் நாளே கற்றுக்கொள்வது அது, இவரோ... சட்டை நெஞ்சருகே மெல்ல எழும்புகிறது, தாழ்கிறது. மூச்சு விடுகிறார். அதை யார் நகர்த்தினார்கள்?

சாயங்காலம் எல்லோர் படத்தையும் கூடத்தில் திரையிடப் போகிறார்கள், கலைஞர்கள் தங்கிப் படம் செய்யும் இந்தக் கட்டடத்தின் ஒருங்கிணைப்பாளர், ‘இங்கே காலம் உங்களைத் துரத்தாது’ என்று வந்த நாளில் இரண்டு கைகளையும் விரித்து ஆசீர்வதித்தவர், இன்று காலையிலிருந்து கடிகாரத்தைத் தட்டிக்காட்டிக்கொண்டே நடைபாதையில் உலவுகிறார். இவள் படத்துக்கு முடிவு ஒன்றுதான் பாக்கி. பொம்மையாகிவிட்ட அவள் கணவர் கதவைத் திறந்து போகிறார், கதவு சாத்திக்கொள்கிறது, தீர்ந்தது. அந்த ஒன்றை எடுத்துவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம் என்றுதானே இந்தப் படத்தையே ஆரம்பித்தாள், விண்ணப்பத்தில் அதையே ‘இழப்பின் வெளியை மீளாய்வு செய்தல்’ என்று எழுதினாள், அந்த வாக்கியத்துக்குத்தான் இந்த அறையும் மூன்று வேளைச் சாப்பாடும் கிடைத்தன, நல்ல வாக்கியம், என்ன அர்த்தமென்று அவளுக்கு இன்னும் தெரியாது.

‘அக்கா, டேப் இருக்கா?’ பக்கத்து அறை புள்ளிக்காரன். ஒரு புள்ளி தன் வட்டத்தைத் தேடி அலைவதுதான் அவன் படம், முழுக்கவும். டேப்பை எடுக்க வந்தவன் திரையைப் பார்த்து அப்படியே நின்றான். ‘செமையா இருக்குக்கா. அந்தாளு ஏதோ சொல்ல வராரு, இல்ல?’ இல்லப்பா, கிளம்பறாரு. ‘கிளம்பற ஆளா இது? மூச்சக்கூட புடிச்சுப் புடிச்சு விடறாரே.’ அவனுக்கும் தெரிகிறது. கண்கோளாறு என்று சொல்லித் தப்பிக்கும் வழியும் போயிற்று. உன் புள்ளி என்னாச்சுடா என்று பேச்சை மாற்றினாள். ‘அது காலையிலேர்ந்து மனசு சரியில்லக்கா’ என்றான், சிரிக்காமல், டேப்போடு போனான்.

ஏதோ சொல்ல வருகிறாரா... வீட்டில் அவள் படம் பிடிக்கும்போது யாரும் நடக்கக் கூடாது, பழைய மரத்தரை, ஒருவர் காலெடுத்து வைத்தால் மேஜைமேல் பொம்மை உலகத்தில் பூகம்பம், அதனால் உள்ளே வந்தவர் வந்த கோலத்தில் உறைந்து நிற்க வேண்டும், அவர் அதை விளையாட்டாக்கிவிட்டார், ஒற்றைக் காலில் கொக்காக, கரண்டியை ஓங்கிய கொலைகாரனாக, ‘தாயே, மூச்சாவது விடலாமா?’ என்று கெஞ்சுவார், மகள் தலையணையில் முகத்தைப் புதைத்துச் சிரிப்பாள். கடைசியாக அன்றைக்கும் கதவருகே அவர் நிற்பது முதுகுக்குத் தெரிந்தது, வழக்கமான கூத்து என்று இவள் திரும்பவில்லை, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், பிறகு கதவுச் சத்தம், பிறகு மாடிப்படியில் யாரோ கத்தினார்கள். ‘மாரடைப்பு, ஒரு நொடியில போயிட்டாரு, அவருக்கே தெரிஞ்சிருக்காது’ என்றார் டாக்டர். தெரிந்திருக்காது. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை நாள் சாப்பிட்டாள், தூங்கினாள், விண்ணப்பம் எழுதினாள்.

போன் அடித்தது. மகள். ‘என்னம்மா, முடிச்சிட்டியா? இல்ல அந்த ஒருங்கிணைப்பாளர் அங்கிள் மறுபடி தத்துவம் பேசறாரா?’ முடியலடி, உங்கப்பா வெளிய போக மாட்டேங்கறாரு, கதவுகிட்டயே நிக்கறாரு. சிரிப்பாள் என்று நினைத்தாள். சிரிக்கவில்லை. ‘அன்னைக்கும் அப்படித்தானம்மா நின்னாரு. சட்டைப் பாக்கெட்ட இறுக்கிப் புடிச்சுக்கிட்டு. நான் ரூம்லேர்ந்து பாத்தேன். நீ ஷாட்டுல இருக்கே, அதான் சிலையா நடிக்கறாருன்னு நினைச்சு... நான் சிரிச்சேன்மா.’ எவ்வளவு நேரம்டி நின்னாரு? ‘ரொம்ப நேரம்’ என்றாள், பிறகு, ‘நான் அப்ப சின்னப் பொண்ணும்மா, அதனால ரொம்ப நேரமா தெரிஞ்சிருக்கலாம்’ என்றாள், வளர்ந்தவள் அம்மாவுக்காகச் சொல்லும் பொய்.

ஆக, அவருக்குத் தெரிந்திருக்கிறது. வலித்திருக்கிறது, தெரிந்திருக்கிறது, ஆனாலும் தரை அதிர்ந்து இவள் ஷாட் கெட்டுவிடக் கூடாதென்று காலெடுத்து வைக்காமல்... சே, அப்படியும் ஒரு மனுஷன் இருப்பாரா? இருப்பார். அவர் இருப்பார். விளக்கைத் திருப்பினாள், பொம்மையைக் கதவருகே நிறுத்தினாள், இந்த முறை எதிரே முழங்காலிட்டு, கண்ணுக்கு நேர் கண்ணாக, சொல்லுங்க, பாத்துக்கிட்டுதான் இருக்கேன், ஷாட் போனா போவுது என்று வாய்விட்டே சொன்னாள், கதவுக்கு வெளியே ஒருங்கிணைப்பாளரின் செருப்புச் சத்தம் ஒரு கணம் நின்று, ஏதோ கலைச்செயல் போலும் என்று மரியாதையாக நகர்ந்தது. பொத்தானை அமுக்கினாள், அமுக்கினாள், பொம்மையைத் தொடவே இல்லை. ஓட்டிப் பார்த்தாள். மூச்சு. மூச்சு. பிறகு தலை, மெதுவாக, அவள் இருந்த பக்கம் திரும்பி, கன்னத்துக் களிமண் சற்றே இறுகி, நெளிந்து, உள்ளிருந்து எதுவோ தள்ளுவதுபோல் புடைத்து, அடங்கியது.

வாய் இல்லை. அந்த முகத்தில் அவள் வாயே வைக்கவில்லை. வசனமில்லாத படம் எந்த ஊரிலும் ஓடும் என்று நேர்காணலில் சொன்னதற்குத் தேர்வுக்குழு மொத்தமும் தலையாட்டியது... ஒரு துளி களிமண்ணைக் கிள்ளி விரலிடையில் உருட்டினாள், கூடத்தில் நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம், உருட்டிக்கொண்டே இருந்தாள், அவளைக் கூப்பிட்டிருப்பாரா, தண்ணீர் கேட்டிருப்பாரா, ஒன்றுமில்லை நீ பார் என்றிருப்பாரா, முதல் ஒலிக்கு உதடு திறந்திருக்க வேண்டுமா மூடியிருக்க வேண்டுமா, அதுகூடத் தெரியாமல் எந்த வாயைச் செய்வது...