லாங்லிக்கு ஒரு ஜோடி

லாங்லியின் குரலைக் கேட்டாலே மெட்காஃபுக்குப் பற்றிக்கொண்டு வரும். யார்க்‌ஷயர் எஸ்டேட் ஒன்றில் பதினெட்டு வருஷமாக வேட்டைக்குக் கவுதாரி வளர்ப்பவர் மெட்காஃப். லாங்லி மேலாளராக வந்து இரண்டு வருஷம்தான். அதற்குள் நாலு முறை வீட்டை ஞாபகப்படுத்திவிட்டான். வேலை போனால் எஸ்டேட் கொடுத்த வீடும் போய்விடும்.

அந்த வருஷம் மேட்டுப் பக்கத்துக் கவுதாரிகளுக்கு மூச்சுக்குழலில் புழு. வாயைப் பிளந்துகொண்டு இருமின. கால்நடை டாக்டர் எழுதிய மருந்துத் தீவனத்தைப் போட்டார் மெட்காஃப். கடைசியாகத் தின்றதிலிருந்து இருபத்தெட்டு நாள் கழியாமல் சுடக்கூடாது. மருந்து கறியில் தங்கிவிடும். அதற்குள் வேட்டைக்கு விருந்தாளிகள் வரும் நாள் வந்துவிட்டது.

"பள்ளத்துல இருக்கறதைச் சுடுவோம். அது மருந்தையே பாக்கலையே" என்றான் லாங்லி. பள்ளம் நாலு மைல் தள்ளி இருந்தது. பேச்சில் நியாயம் இருந்ததால் மெட்காஃப் தலையாட்டினார்.

அன்று இருநூறுக்கு மேல் விழுந்தன. கொட்டகையில் ஜோடி ஜோடியாகக் கட்டித் தொங்கவிடும்போது ஒரு பறவையின் கழுத்தடித் தீனிப்பையில் மெட்காஃபின் விரல் நின்றது. உள்ளே இருந்தது கோதுமை மணி போல உருளவில்லை. கத்தியால் கீறினார். பழுப்புக் குச்சித் தீவனம் கொட்டியது. பண்ணை முழுக்கக் கோதுமைக்கு மாறி ஒரு மாதத்துக்கு மேலாகிறது. குச்சித் தீவனம் என்று இருந்ததெல்லாம் அந்த மருந்து மூட்டைகள் மட்டும்தான். இன்னொன்றைக் கீறினார். அதிலும் அதே.

லாங்லி உள்ளே வந்தான்.

"மிச்ச மருந்து மூட்டையை என்ன பண்ணீங்க?" என்றார் மெட்காஃப்.

"பள்ளத்துத் தீவன டிரம்ல கொட்டச் சொன்னேன், ஞாயித்துக்கிழமை. வீணாப் போறதுக்கா வாங்கினோம்? நீதான் உன் அக்கா வீட்டுல கேக் தின்னுக்கிட்டு இருந்தியே."

"யாரைக் கேட்டுக் கொட்டினீங்க?"

"கோழி மேய்க்கிறவன்கிட்ட அனுமதி வாங்கணுமா நான்?"

வாசலில் வேன் ஹாரன் அடித்தது. கறி வியாபாரி டோரீன் எட்டிப் பார்த்தாள். "சீக்கிரம் கையெழுத்துப் போடுப்பா மெட்காஃப். இன்னும் மூணு இடம் போகணும்."

மருந்து நாள் கழிந்துவிட்டது என்று வளர்த்தவர் போடும் கையெழுத்து அது. அது இல்லாமல் ஒரு இறகைக்கூட அவள் ஏற்ற மாட்டாள்.

லாங்லி காதோரம் குனிந்தான். "போடு. இல்லேன்னா கிறிஸ்மஸுக்கு உன் பொண்டாட்டி வான்கோழி வாட்ட வேற அடுப்பு தேடணும்."

மனைவி வினிஃப்ரெட் போன மாதம்தான் அந்தச் சமையலறைக்கு மஞ்சள் பூச்சு அடித்திருந்தாள். மெட்காஃப் பேனாவைக் கையில் வாங்கினார். வெளியே எட்டு விருந்தாளிகள் தங்கள் ஜோடிக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். வேட்டை முடிந்தால் வளர்த்தவர் தன் கையாலேயே ஆளுக்கு ஒரு ஜோடி கொடுக்க வேண்டும். ஒரு பெண்மணி அதை எப்படிச் சமைக்கப் போகிறாள் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பேனாவைப் பெஞ்சில் வைத்தார். ஒரு ஜோடியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய், எல்லார் முன்னாலும், பின்னாலேயே வந்த லாங்லியிடம் நீட்டினார்.

"முதல் ஜோடி உங்களுக்கு, சார். ராத்திரி உங்க பிள்ளைங்களுக்குப் போடுங்க. காலையில போன் பண்ணுங்க, கையெழுத்துப் போட்டுத் தரேன்."

லாங்லியின் கை கோட்டுப் பைக்குள்ளேயே இருந்தது.

"வாங்கிக்கறதுதானே?" என்றாள் அந்தப் பெண்மணி.

"அப்புறம் வாங்கிக்கறேன்."

"அப்புறம் ஏன்? இப்பவே வாங்கிக்குங்க" என்றார் மெட்காஃப். நீட்டிய கையை அவர் இறக்கவில்லை. லாங்லி ஒரு எட்டு பின்னால் போனான். அந்த எட்டை எல்லாரும் பார்த்தார்கள்.

ஒரு பறவையைக்கூட ஏற்றாமல் டோரீன் வேனின் கதவைப் படாரென்று சாத்தினாள்.

"மாசக் கடைசிக்குள்ள வீட்டைக் காலி பண்ணு!" கத்தினான் லாங்லி. முகம் வெளுத்திருந்தது.

மெட்காஃப் அந்த ஜோடியை லாங்லியின் கார் மேல் வைத்தார். இருநூறு பறவைக்குக் குழி வெட்ட வேண்டும். மண்வெட்டி எடுக்கப் போனார்.