ஒன்பதாவது ஏழாம் மாதம்

உப்புக்கு முந்திக் கடல் இருந்ததாம். கடலுக்கும் உப்புக்கும் நடுவில் ஓர் ஊர் இருந்ததாம். அந்த ஊரில் பாடம் தேறினால்தான் மாதம் நகரும். பத்து மாதமும் நகர்ந்தால்தான் பிள்ளை பிறக்கும்.

பாடம் போனில் வரும். ‘பத்து மாசம்’ என்று அந்தச் செயலிக்குப் பேர். ஒருத்தி முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த அன்றே நர்ஸ் சகாயமேரி வீடு தேடி வந்து, அந்த வீட்டுப் போனில் அதை ஏற்றிவிட்டுப் போவாள். மாதத்துக்குப் பத்துக் கேள்வி. பத்துக்கும் சரியாகச் சொன்னால் அடுத்த மாதம். ஒன்று தப்பினாலும் அதே மாதம் முதல் தேதியிலிருந்து மறுபடி நடக்கும். வயிறு வளராது, வற்றாது. இருந்த இடத்தில் இருக்கும். கீழத்தெரு ராசக்கனி ஐந்தாம் மாதத்தை இரண்டு தடவை நடத்தினாள். அதற்காக யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பிரம்மசக்திக்கு ஏழாம் மாதம் ஒன்பதாவது தடவையாக நடந்துகொண்டிருந்தது.

அவள் படிப்பில் மட்டமில்லை. அவளுக்குப் போன் திறக்காது, அவ்வளவுதான். அந்த வீட்டுக்கு ஒரே போன். கட்டைவிரலை வைத்தால் திறக்கும். கல்யாணமான வாரமே அவள் புருஷன் மாசானமுத்து, தன் விரல், அவள் விரல், தன் அம்மா இசக்கியம்மாளின் விரல் என்று மூன்றையும் அதில் பதிந்துவைத்தான். ஆனால் உப்பளத்தில் உப்பு வாருகிறவர்களுக்கு ரேகை நிற்காது, உப்பு தின்றுவிடும். மாசானமுத்துவின் விரல்கள் கரைந்த சோப்பு மாதிரி வழுவழுவென்று இருந்தன. பிரம்மசக்தியும் அளத்துக்குப் போகத் தொடங்கி அரை வருஷத்திலேயே ரேகையை விட்டுவிட்டு வந்தாள். இசக்கியம்மாள் மட்டும் மூட்டுவலி என்று உப்பளத்தை விட்டு ஐந்து வருஷம் ஆகியிருந்தது. அவள் விரலில் ரேகை கோலம் போட்டதுபோல் கிடந்தது. போன் அவளுக்குத்தான் திறந்தது. ஆகவே மருமகளின் பாடத்துக்கு மாமியார் பதில் சொன்னாள்.

சும்மா சொல்லக் கூடாது, ஆறு மாதத்தை ஒரு தப்பில்லாமல் நகர்த்தினவள் அவள். ஏழாம் மாதத்திலும் ஒன்பது கேள்வி அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. பத்தாவதில்தான் வண்டி நிற்கும்.

‘விடாமல் தலை வலிக்கிறது. கண் முன்னால் பூச்சி பறக்கிறது. முகமும் கையும் வீங்கியிருக்கின்றன. என்ன செய்வீர்கள்? அ, சீரகத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுப்பேன். ஆ, சுற்றிப் போடுவேன். இ, உடனே ஆஸ்பத்திரிக்குப் போவேன்.’

இசக்கியம்மாள் ஒவ்வொரு தடவையும் ‘அ’வைத் தொடுவாள். போன் பதமான குரலில், “தவறு. பரவாயில்லை. சரியான பதில், இ” என்று சொல்லும்.

“அதுதான் ‘இ’ன்னு சொல்லுதுல்லா அத்தை. அதத் தொட்டுருங்களேன்” என்று உள்ளி உரித்துக்கொண்டே பிரம்மசக்தி ஒருநாள் கேட்டாள்.

“தொட எவ்வளவு நேரம் ஆவும்? என்ன செய்யணும்னு கேட்டா ‘இ’ன்னு சொல்லிரலாம். என்ன செய்வேன்னுல்லா கேக்கு. தலவலிக்கு இந்த வீட்டுல யாருட்டி ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கா? செய்யாததச் செய்வேன்னு வாய்கூசாமச் சொல்லச் சொல்லுதியா?”

பிரம்மசக்தி அடுத்த உள்ளியை எடுத்தாள். அத்தை பொய் சொல்லி அவள் பார்த்ததில்லை.

ஏழாம் மாதம் என்றால் வளைகாப்பு. ஒவ்வொரு ஏழாம் மாதத்துக்கும் ஒன்று என்று ஒன்பது வளைகாப்பு நடந்தது. “போன ஏழாம் மாசம் தேங்காச் சோறாவது நல்லாருந்துச்சு. இந்த ஏழாம் மாசம் எலுமிச்ச சோத்துல உப்பே இல்ல மைனி. உப்பளத்துக்காரி வீட்டுல உப்புக்குப் பஞ்சமா?” என்று எதிர்வீட்டுக்காரி இலையில் இருந்தபடியே கேட்டாள். வளையல் மணிக்கட்டில் தொடங்கித் தோள்வரை ஏறிவிட்டது. அதற்குமேல் வந்ததைத் துணிக்கொடியில் கோத்துவிட்டார்கள். காற்றடித்தால் கொடி குலுங்கும்.

மாசானமுத்து அளத்திலிருந்து வந்ததும் காலில் ஒட்டிய உப்பைக் கழுவிவிட்டு, “நகந்துச்சா?” என்று கேட்பான். “இல்ல” என்பாள் பிரம்மசக்தி. அவன் ஒரு துண்டைச் சுருட்டி வைத்திருந்தான். பிள்ளையைத் தூக்கிப் பழக வேண்டும் அல்லவா? அதை இடதுகையில் ஏந்தி, தலைப்பக்கத்தை முழங்கையில் சாய்த்து, வாசலுக்கும் அடுப்படிக்குமாகக் கொஞ்ச நேரம் நடப்பான். ஒன்பது மாதத்தில் ஒரு நாள்கூட அதன் தலை தொங்கியதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் இசக்கியம்மாள் போனைச் சார்ஜில் போட்டுவிட்டு ரேஷன் கடைக்குப் போனாள். பிரம்மசக்திக்குக் காலையிலிருந்தே தலை வலித்தது. கை வீங்கி, வளையல் சதையில் அழுந்தியது. பிறகு கண் முன்னால் பூச்சி பறந்தது. ஒன்பது மாதமாகக் காதில் விழுந்துகொண்டிருந்த பூச்சிதான். அவளுக்கு அடையாளம் தெரிந்தது.

அவள் தன் கட்டைவிரலைப் பார்த்தாள். அளத்துக்குப் போகாமலேயே ஒன்பது ஏழாம் மாதம் கழிந்துவிட்டதல்லவா, ரேகை திரும்பி வந்திருந்தது. வைத்தாள். போன் திறந்தது. மற்ற ஒன்பதையும் சொல்லி முடித்து, பத்தாவதுக்கு ‘இ’யைத் தொட்டாள்.

“சரி” என்றது போன். “எட்டாம் மாதம். கிளம்பிவிட்டீர்களா?”

அவள் போனை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

தெருமுனையில் இசக்கியம்மாள் அரிசிப் பையோடு எதிரே வந்தாள்.

“ஏட்டி, உச்சி வெயில்ல எங்க கெளம்பிட்ட?”

“ஆஸ்பத்திரிக்கு அத்தை.”

“ஆருக்கு என்ன?”

“எனக்குத்தான். தல வலிக்கு, பூச்சி பறக்கு. ‘இ’ன்னு சொல்லிட்டேன்.”

இசக்கியம்மாள் பையைக் கீழே வைத்துவிட்டு மருமகளின் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். வீங்கித்தான் இருந்தது.

“சொல்லியே போட்டியா?”

“சொல்லிட்டேன்.”

“சொன்னாப் போவணும். நில்லு, நானும் வாரேன்.” பையை எதிர்வீட்டு நடையில் தள்ளிவிட்டு, போகிற ஷேர் ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தினாள்.

ஆட்டோவில் போகப் போகப் பிரம்மசக்தி கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே வந்தாள். ஒன்பது மாதம் நின்ற வயிறு விறுவிறுவென்று வளர்ந்தது. டிரைவர் திரும்பிப் பார்க்காமல், “எத்தனாவது மாசம்மா?” என்று கேட்டார்.

“ஏறும்போது எட்டு.”

“ரயில்வே கேட்டு சாத்திருக்கும். அங்கன ஒம்பது ஆயிரும்.”

கேட் சாத்தியிருந்தது. ஒன்பது ஆனது. ஆஸ்பத்திரி வாசலில் பத்து.

பிரஷர் பார்த்தார்கள். ஏறிக் கிடந்தது. “சாயந்தரம்வரைக்கும் வீட்டுல படுத்திருந்தா தாயும் இல்ல பிள்ளையும் இல்ல” என்று டாக்டரம்மா ஊசி போட்டுக்கொண்டே சொன்னாள். இசக்கியம்மாள் மருமகளின் வீங்கிய கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். சீரகத் தண்ணீரைப் பற்றி அவள் அப்புறம் பேசவேயில்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பெண்பிள்ளை பிறந்தது. தாய்க்கும் பிரஷர் இறங்கியது.

மாசானமுத்து காலில் உப்போடு, கையில் சுருட்டிய துண்டோடு ஓடிவந்தான். அவனுக்குப் பின்னாலேயே நர்ஸ் சகாயமேரியும் பிறப்புப் பதிய வந்தாள். போனை வாங்கிப் பார்த்தாள்.

“இதுல ரெண்டு விரல் பதில் சொல்லிருக்கே” என்றாள். “பிரம்மசக்தி பதில் சொன்ன பாடத்த அவ கணக்குல வைக்கேன். முந்திச் சொன்னதெல்லாம் பெரியம்மா, ஒங்க விரலு. ஒங்க கணக்குல ஏழாம் மாசம் தேறல.”

“அதனால என்ன?”

“ஒங்க பிள்ள இன்னும் பெறக்கல.”

“அவனுக்கு முப்பத்தோரு வயசு ஆவுதே.”

“ஆவட்டும். ஏழாம் மாசத்துல நிக்காவ.”

மாசானமுத்து யோசித்தான். “அப்பம் பிள்ளைய நான் தூக்கலாமா?”

“நீங்க பெறந்ததும் தூக்கலாம் தம்பி.”

இசக்கியம்மாள் போனுக்குக் கை நீட்டினாள். “இருங்க அத்தை” என்றாள் பிரம்மசக்தி. அத்தைக்கு ஏழாம் மாதம் நடக்கும்போதே செய்துவிட வேண்டிய காரியம் ஒன்று இருந்தது. படுத்தபடியே தன் வளையல்களைக் கழற்றி, ஒவ்வொன்றாய் மாமியார் கையில் போட்டாள். பக்கத்துக் கட்டில்காரி சந்தனத்துக்குப் பதிலாகப் பவுடர் கொடுத்தாள்.

பிறகு இசக்கியம்மாள் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து பத்தாவது கேள்விக்கு வந்தாள். “இன்னைக்கித்தான் வந்திருக்கோம்லா. இனிமச் சொல்லலாம்” என்று ‘இ’யைத் தொட்டாள். எட்டு நகர்ந்தது. ஒன்பதும் நகர்ந்தது. பத்தாம் மாதத்தின் கடைசிக் கேள்வியில் விரல் நின்றது.

‘ஆறு மாதம் முடியும்வரை பிள்ளைக்கு என்ன கொடுப்பீர்கள்?’

“தாய்ப்பால் மட்டும்னு தொடுங்க” என்றாள் சகாயமேரி.

“இவனுக்குச் சீனித்தண்ணி கொடுத்தவ நான். பேத்திக்குக் கொடுக்காம இருப்பேன்னு இப்பமே எப்படிச் சொல்ல? ஆறு மாசம் இருந்து பாத்துட்டுச் சொல்லுதேன்.”

மாசானமுத்து துண்டை இன்னும் இறுக்கிச் சுருட்டிக்கொண்டான். அம்மாவை அவனுக்குத் தெரியும். சகாயமேரி தன் ஏட்டில் குறித்துக்கொண்டு அடுத்த வார்டுக்குப் போனாள். இசக்கியம்மாள் வளையல் சத்தத்தோடு வெந்நீர் வாங்கப் போனாள். பிறக்காதவர்களுக்கு வார்டில் அனுமதி கிடையாது என்று காவலாள் மாசானமுத்துவிடம் தன்மையாகச் சொன்னார்.

“வாரேன் பிரம்மசக்தி” என்றான் மாசானமுத்து, வாசலில் நின்றபடியே.

“தலைய நல்லாச் சாச்சுப் பிடிங்க” என்றாள் அவள்.

அவன் துண்டை இடதுகையில் ஏந்தி, தலைப்பக்கத்தை முழங்கையில் சாய்த்துக்கொண்டு, படியிறங்கி நடந்துபோனான்.