ஓடையில் கொட்டிய கற்கள்

பாண்டித்துரை அனுப்பியிருந்த வீடியோ பதினோரு நிமிடம் ஓடியது. சாதிக் பாட்ஷா அதை முழுவதும் பார்த்து முடிக்கும்வரை பாண்டித்துரையும் அருள்முருகனும் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தார்கள். அவர் உட்காரச் சொல்லவில்லை.

ஷார்ஜா தொழில்பேட்டையில் அந்தக் கிரானைட் கம்பெனிக்கு சாதிக் பாட்ஷா மேனேஜர். கீழக்கரைக்காரர். பாலிஷ் போடும் அருள்முருகனின் விசா புதுப்பிக்கும் காகிதம் அவர் மேசையில் மூன்று நாளாகக் கிடந்தது. கையெழுத்து விழுந்தால் இன்னும் இரண்டு வருடம் வேலை. விழாவிட்டால் வெள்ளிக்கிழமை விமானம்.

பாண்டித்துரை அவனுக்கு மேலே ஃபோர்மேன். இருவருக்கும் ஊர் மேலூர்ப் பக்கம். கேம்ப்பிலும் ஒரே ரூம், மேல் கட்டிலும் கீழ்க் கட்டிலும். ஆனால் ஒரு வருடமாக வேலைக்கு வெளியே பேச்சில்லை. பாலிஷ் பிரிவுக்கு அருள்முருகனைத் தலைவனாக்கப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டதுதான் காரணம். அந்த இடத்தைப் பாண்டித்துரை தன் மச்சானுக்கென்று பார்த்து வைத்திருந்தார்.

வீடியோவில் இருந்தது போலந்தில் ஒரு சின்ன ஊர். கம்பெனிக்கு ஆர்டர் கொடுத்த, துபாயில் தொழில் செய்யும் ஒருவருக்கு அது பூர்வீகம். போருக்கு முன் அந்த ஊரில் பாதிப் பேர் யூதர்கள். ஜெர்மன்காரர்கள் அவர்களைக் கொன்றதோடு விடாமல், அவர்களுடைய கல்லறைக் கற்களையும் பிடுங்கிச் சாலையில் பாவினார்கள். பிற்பாடு கிடைத்த உடைசல்களைச் சேர்த்து ஒரு சுவர் எழுப்பி, அதன் அடியில் நீளமாக ஒரு கல்மேடை போட்டிருந்தார்கள். எதிரே எழும்பும் புதுச் சுவரில், இறந்தவர்களின் பெயர் வெட்டிய கருங்கல் பலகைகளைப் பதிக்கத்தான் இவர்கள் இருவரும் நவம்பர் குளிரில் போனார்கள்.

இரண்டாம் நாள் காலை, பழைய மேடை முழுக்கக் கூழாங்கற்கள் கிடப்பதை அருள்முருகன் பார்த்தான். பாலிஷ்காரன் கண்ணுக்கு அது பொறுக்காது. மெருகேற்றிய கல்லின் மேல் பொடிக்கல் கிடந்தால் கீறல் விழும். அதற்காகவே இந்தப் பாண்டித்துரையிடம் எத்தனையோ முறை திட்டு வாங்கியிருக்கிறான். செத்தவர்களின் இடம் இப்படியா கிடப்பது என்றும் தோன்றியது. துடைப்பத்தை எடுத்தான். வாளி வாளியாக அள்ளிச் சாலையோர ஓடையில் கொட்டினான். கடைசியில் ஈரத்துணியால் மேடையைத் துடைத்துப் பளபளவென்று ஆக்கினான்.

அப்போதுதான் துபாய்க்காரரின் அக்கா வந்து சேர்ந்தார். எழுபது வயதிருக்கும். அவர் கத்தவில்லை. வெறும் மேடையைத் தடவிப் பார்த்துவிட்டு, என் அம்மா வைத்த கல் எங்கே என்று ஆங்கிலத்தில் கேட்டார். பூ வைப்பது அவர்கள் வழக்கமில்லை. வந்து போகிறவர்கள் ஆளுக்கொரு கல் வைத்துவிட்டுப் போவார்கள். நாற்பது வருடமாக வைத்த கற்கள் அவை.

அருள்முருகன் செருப்போடு ஓடையில் இறங்கினான். முழங்கால் அளவு தண்ணீர், ஐஸ் மாதிரி. நாலு மணிக்கே இருட்டிவிடும் ஊர் அது. அதுவரை துழாவி அள்ளி மேடைக்குக் கொண்டுவந்தான். அந்த அம்மா ஒவ்வொரு கல்லாகத் திருப்பிப் பார்த்தார். சிவப்புக் கோடு ஓடிய ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டார். அதுதானா என்று அவருக்கே உறுதியில்லை. பாண்டித்துரை ஜாக்கெட் பையிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

சாதிக் பாட்ஷா போனைக் கவிழ்த்து வைத்தார்.

"அடுத்தவன் மையவாடியில, கல்லறைக் கல்லுல, கேக்காம கை வைப்பியா?"

கேள்வி அருள்முருகனுக்கு. பாண்டித்துரை சொன்னார்: "இவனக் கூட்டிட்டுப் போனா மானம் போகும்னு அப்பவே நெனச்சேன் பாய். கூட்டுறதும் தொடைக்கிறதும் தவிர என்னா தெரியும்?"

"நீ எங்க நின்ன?"

"லாரிகிட்ட, பாய்."

"இவன் கூட்டி அள்ளுறத நின்னுக்கிட்டே பதினோரு நிமிசம் படம் புடிச்சியாக்கும்."

சைட் வேலையைப் படம் எடுப்பது வழக்கம்தானே என்றார் பாண்டித்துரை. தப்பென்று தனக்கும் தெரியாது என்றார்.

சாதிக் பாட்ஷா கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். அந்த அம்மாவின் மெயில் அன்று காலைதான் வந்திருந்தது. முதல் நாளே, சிவப்புத் தொப்பி போட்ட பெரிய ஆளிடம் கற்களைப் பற்றி விளக்கிச் சொன்னேன், அவர் தலையாட்டினார் என்று எழுதியிருந்தார். அந்த நேரம் அருள்முருகன் லாரியிலிருந்து பலகை இறக்கிக்கொண்டிருந்தான். சிவப்புத் தொப்பி இப்போதும் பாண்டித்துரையின் கையில்தான் இருந்தது.

"அந்தம்மா இங்கிலீசு எனக்குப் புரியல பாய்."

"லீவு லெட்டர் மட்டும் இங்கிலீசுல எழுத வருது."

அருள்முருகன் முதல் முறையாகத் திரும்பிப் பாண்டித்துரையைப் பார்த்தான்.

"வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நிப்பாட்டியிருப்பேன்." எட்டு வருடமாகச் சொல்லிவந்த 'அண்ணே' அதில் இல்லை. "எம்மேல கோவம்னா என்னைய அடிச்சிருக்கலாம். செத்தவுக கல்லுய்யா அது."

"சொன்னா கேக்குற ஆளா நீ? பெரிய பாலிஷ்காரன்."

"கலாஸ், போதும்," என்றார் சாதிக் பாட்ஷா. காகிதத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டு அருள்முருகன் பக்கம் தள்ளினார். முகம் இளகவில்லை. இரக்கப்பட்டுப் போட்ட கையெழுத்து என்று நினைக்காதே என்றார். ஏப்ரலில் அங்கே இன்னொரு புதுச் சுவர் வருகிறது. ஓடையில் இறங்கியவன்தான் அந்த வேலையைப் பொறுப்பெடுத்துச் செய்ய வேண்டும் என்று அந்த அம்மா எழுதியிருக்கிறார். ஆர்டர் கைவிட்டுப் போகக் கூடாது, அவ்வளவுதான். இன்னொரு தப்பு நடந்தால் ஏர்போர்ட்டில் தானே கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். கூட ஒரு கையாள் போகலாம், யார் வேண்டும் என்று கேட்டார்.

பாண்டித்துரை கதவுப் பக்கம் நகர்ந்தார்.

"இவரையே அனுப்புங்க பாய்," என்றான் அருள்முருகன். "வாளி தூக்க ஆள் வேணும்."

பதினைந்து வருட சர்வீஸ், இவனுக்குக் கையாளா என்று பாண்டித்துரை கேட்டார். சாதிக் பாட்ஷா அவர் பெயரை எழுதிக்கொண்டார்.

கேம்ப்புக்குத் திரும்பும் வேனில் இருவரும் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து வந்தார்கள். ரூமில் கீழ்க் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டே பாண்டித்துரை சொன்னார்: "ஏப்ரல் வரைக்கும் நீ இங்க இருக்கணும்ல. பாப்போம்."

மேல் கட்டிலில் ஏறிய அருள்முருகன் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"ரப்பர் பூட்ஸு வாங்கி வச்சுக்க. பாதிக் கல்லு இன்னும் அந்த ஓடையிலதான் கெடக்கு. இந்தத் தடவ நீ எறங்குற."